மேத்தமேட்டிக்கல் பிசிக்ஸ் படிச்சா வேலை கிடைக்குமான்னு கேட்ட அம்மாவுக்கு

மேடம், வேலை பத்தி கேட்டிருந்தீங்க, அதுக்கு வரேன். அதுக்கு முன்னாடி, உங்க பொண்ணு பிளாக் ஹோல் வீடியோ பாத்துட்டு இந்த டிகிரி (பிசிக்ஸ் விதிகள கணக்கு வழியா ஆராயுற படிப்பு) கேக்குறாளா இல்ல நிஜமாவே கணக்கோட மல்லுக்கட்ட பிடிச்சு கேக்குறாளான்னு பாருங்க, ரெண்டும் வேற வேற.

ஸ்கூல்ல ஊசல் கணக்கு வருமே, அதுல சைன் தீட்டாவுக்கு பதிலா வெறும் தீட்டான்னு (ஊசல் விலகுற கோணம்) போட்டுடுவாங்க, பசங்களும் ஃபார்முலாவ மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிட்டு போயிடுவாங்க, ஆனா "அப்படி மாத்தினா எவ்ளோ தப்பு வரும்"னு ஒருத்தி கேட்டா இந்த படிப்பு அவளுக்குத்தான். 20 டிகிரி விலக்கி விட்டா அலைவு நேரத்துல 1 சதவீதம்கூட தப்பு வராது, 60 டிகிரின்னா 7 சதவீதம் கிட்ட வந்துடும். ஏன்னு அவளையே கண்டுபிடிக்க சொல்லுங்க.

முதல் வருஷம் கொஞ்சம் ஷாக்கா இருக்கும். ரியல் அனாலிசிஸ், லீனியர் அல்ஜீப்ரான்னு மேத்ஸ் பேப்பர், எல்லாம் ப்ரூஃப்தான், பிசிக்ஸ் எங்கடான்னு தேடணும். லேப் கம்மி. ஆனா அப்புறம் சேரும் பாருங்க, இயற்கை விதி நேத்து இன்னிக்குன்னு மாறாம இருக்கறதாலதான் எனர்ஜி கன்சர்வேஷனே வருதுன்னு எம்மி நோதர்ங்கற கணித மேதை 1918ல ப்ரூவ் பண்ணாங்க, அது புரியுற அன்னிக்கு தூக்கம் வராது (எனக்கு வரல).

சரி வேலை. இந்த டிகிரி பேருக்குன்னு தனியா ஒரு வேலை கிடையாது, மழுப்ப விரும்பல. ரிசர்ச்னா பிஎச்டி வரைக்கும் போகணும், ரொம்ப வருஷம் ஆகும். வெளிய வரணும்னா ஃபைனான்ஸ், டேட்டா சயின்ஸ், சிமுலேஷன் வேலைங்க இருக்கு. ஷேர் மார்க்கெட் ஆப்ஷனுக்கு விலை கணக்கு போட 1973ல வந்த பிளாக்-ஷோல்ஸ் ஈக்வேஷன கொஞ்சம் மாத்தி எழுதினா வெப்பம் பரவுற ஈக்வேஷனாவே ஆயிடும், பிசிக்ஸ் ஆளுங்க அந்தப் பக்கம் போனதுல ஆச்சரியமே இல்ல. ஆனா பைத்தான் ப்ரோகிராமிங்கும் நியூமரிக்கல் மெத்தட்ஸும் (கம்ப்யூட்டர்ல தோராயமா விடை கண்டுபிடிக்கிற முறைங்க) முதல் வருஷத்துலேர்ந்தே கத்துக்கணும், அத விட்டுட்டு கடைசி செமஸ்டர்ல ஓடி வர்ற பசங்கதான் என்கிட்ட அதிகம்.

பிசிக்ஸ் மேதை எட்வர்ட் விட்டன் ஹிஸ்டரில டிகிரி வாங்கிட்டு 1990ல மேத்ஸோட பெரிய விருதான ஃபீல்ட்ஸ் மெடல் வாங்கினாரேன்னு அவ சொல்லலாம், அவர் கத வேற, விடுங்க.

டிகிரி பேர பாக்காதீங்க, சிலபஸ பாருங்க. பிசிக்ஸ் மெயின் எடுத்து கூடவே மேத்ஸ் பேப்பரும் நிறைய எடுக்க முடியும்னா கிட்டத்தட்ட இதேதான், நடுவுல மனசு மாறினாலும் திரும்பிக்கலாம். ஊசல் கணக்க அவ என்ன பண்ணான்னு சொல்லுங்க, அப்புறம் பேசலாம்.