அபேல் கான்ஸின் ‘லுக்ரேஸ் போர்ஜியா’: கேட்டவையும் சொன்னவையும்

அபேல் கான்ஸ் 1935இல் எடுத்த இந்தப் பிரெஞ்சுப் படத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி குளியல் காட்சி பற்றியது. அதை நடுவில் ஒரே பதிலாக முடித்துவிடுகிறேன்.

கேள்வி: சார், இத்தாலி வரலாறு எனக்குச் சுத்தமாகத் தெரியாது. படம் புரியுமா?

நான்கு பேரைத் தெரிந்துகொண்டால் போதும். அப்பா ரோத்ரிகோ போர்ஜியா, ஸ்பெயினின் வலென்சியா பக்கத்துக்காரர், 1492இல் ஆறாம் அலெக்சாண்டர் என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனவர். போப்பாண்டவருக்குப் பிள்ளைகளா என்று கேட்காதீர்கள், அந்தக் காலத்து ரோமில் அது ஊரறிந்த ரகசியம். மூத்தவன் செசாரே, அடுத்தவன் ஹுவான், பிறகு லுக்ரேசியா, படத்தலைப்பில் வரும் லுக்ரேஸ் இவள்தான். இன்னொரு தம்பியும் உண்டு, அவனை இப்போதைக்கு விட்டுவிடலாம். 1497 ஜூனில் ஹுவானை யாரோ கொன்று டைபர் ஆற்றில் போட்டார்கள். உடம்பில் ஒன்பது குத்துகள், இடுப்புப் பையில் முப்பது டுகாட் காசு அப்படியே இருந்தது. வழிப்பறி இல்லை என்பது மட்டும் நிச்சயம். செய்தது யார் என்பது இன்றுவரை துலங்கவில்லை. ஊர் வாய் செசாரேயைச் சொன்னது.

கேள்வி: அண்ணா, லுக்ரேசியா மோதிரத்தில் விஷம் வைத்துக் கொன்றவள்தானே? படத்தில் பாவப்பட்டவளாகக் காட்டுகிறார்களே?

தம்பி, அவள் ஒருவருக்காவது விஷம் கொடுத்தாள் என்பதற்கு ஆதாரமே கிடையாது. நம் மனத்தில் இருக்கும் அந்த விஷக்காரியை உலகம் முழுக்கக் கொண்டுபோனது விக்டர் ஹியூகோ 1833இல் எழுதிய நாடகம். அதே ஆண்டு டோனிசெட்டி அதை ஓபராவாகவும் ஆக்கிவிட்டார். நூறு வருடம் கழித்து வந்த கான்ஸ், அவளை அப்பாவும் அண்ணனும் உருட்டும் தாயக்காய் என்று காட்டுகிறார். அந்த வகையில் ஹியூகோவைவிடப் படமே உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

முதல் கல்யாணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1493இல் பதின்மூன்று வயதுப் பெண்ணைப் பெசாரோவின் ஜொவான்னி ஸ்ஃபோர்சாவுக்குக் கட்டிவைத்தார்கள். நான்கு வருடத்தில் அந்தச் சம்பந்தம் அப்பாவுக்குப் பயன்படாமல் போயிற்று. உடனே ‘மாப்பிள்ளை ஆண்மையில்லாதவர்’ என்று சொல்லித் திருமணத்தைச் செல்லாததாக்கினார்கள். ஆனால் அந்த மனிதரின் முதல் மனைவி பிரசவத்தில் இறந்தவள்! அவமானப்பட்டவர் சும்மா இருப்பாரா? மகளைத் தனக்கே வைத்துக்கொள்ளப் போப் பறித்துக்கொண்டார் என்று பேசினார். இன்றும் ஓடும் அந்த அசிங்கக் கதையின் ஊற்றுக்கண் இதுதான்.

இரண்டாம் கணவன் அரகோன் அல்ஃபோன்சோவை அவளுக்குப் பிடித்திருந்தது. 1500 ஜூலையில் புனித பேதுரு ஆலயப் படிக்கட்டில் அவனை வெட்டினார்கள். பிழைத்துவிட்டான். அவள் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டாள். ஒரு மாதம் கழித்துச் செசாரேயின் ஆள் மிகெலெட்டோ வந்து, அவளை அறையைவிட்டு வெளியேற்றி, கழுத்தை நெரித்து முடித்தான். அவளுக்கு அப்போது இருபது வயது.

கேள்வி: அந்தக் குளியல் காட்சி...

இருக்கிறது. லுக்ரேசியாவாக நடித்த எட்விஜ் ஃபொயேர் ஆடையில்லாமல் தோன்றும் சில கணங்கள். 1935க்கு அது பெரிய பரபரப்பு. அதற்காக மட்டும் தேடுகிறவர்கள் ஏமாறுவீர்கள். மிச்ச நேரமெல்லாம் அந்தம்மா கண்ணாலேயே நடிக்கிறார்.

கேள்வி: சவனரோலாவாக வரும் ஒல்லி மனிதர் யார்? பயமாக இருக்கிறது.

அந்தோனின் ஆர்த்தோ! ‘குரூர அரங்கு’ என்ற நாடகக் கொள்கை பற்றி எழுதிய அதே ஆர்த்தோதான். கான்ஸின் 1927 ‘நெப்போலியன்’ படத்தில் பிரெஞ்சுப் புரட்சிக்காரர் மாராவாக வந்தவரும் இவரே. சவனரோலா ஃபிளாரன்சில் போப்புக்கு எதிராகப் பிரசங்கித்த துறவி. 1498 மே 23ஆம் தேதி தூக்கிலிட்டு எரித்தார்கள். ஆர்த்தோ வருவது கொஞ்ச நேரம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபின் மற்றவர்கள் எல்லாம் வேஷம் கட்டியவர்களாகத் தெரிகிறார்கள். அதே 1935 மே மாதம் பாரிசில் இன்னொரு ரோமானியக் குடும்பத்தின் கொலைக்கதையை, செஞ்சி குடும்பத்தினுடையதை, அவரே மேடையேற்றினார். பதினேழு முறை நடந்ததோடு அந்த நாடகம் நின்றுபோனது.

கேள்வி: நீங்கள் குறையே சொல்ல மாட்டீர்களா ஐயா?

சொல்கிறேன். செசாரேயாக நடித்த கேப்ரியல் காப்ரியோவுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. நிஜச் செசாரே செத்ததே முப்பத்தொன்றில். வயதைக்கூட மன்னிக்கலாம், எப்போது பார்த்தாலும் உறுமுகிறாரே! உண்மையான ஆள் சிரித்துக்கொண்டே கழுத்தறுப்பவன். 1502 கடைசி நாளில், தனக்கு எதிராகச் சதி செய்த தளபதிகளைச் செனிகாலியாவில் சமாதானம் பேசி வரவேற்று, அப்படியே பிடித்தான். இரண்டு பேரை அன்றிரவே நெரித்துக் கொன்றார்கள். அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி அசந்துபோனது அந்த நிதானத்தைப் பார்த்துத்தான்.

கேள்வி: 1953இல் வந்த வண்ணப் படமும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது கிறிஸ்தியான் ஜாக் இயக்கியது, மார்ட்டின் கரோல் நடித்தது. துணிமணி பார்க்க நன்றாக இருக்கும்.

கேள்வி: கடைசியில் அந்தப் பெண் என்ன ஆனாள், அண்ணா?

மூன்றாவதாக ஃபெராராவின் ஆட்சிக் குடும்பத்து அல்ஃபோன்சோ தெஸ்தேயைக் கட்டிக்கொண்டு 1502இல் போனாள். அடுத்த ஆண்டே அப்பா இறந்தார். விஷம் என்றார்கள், ரோமின் ஆகஸ்ட் மாதக் காய்ச்சலாகத்தான் இருக்க வேண்டும். 1507இல் அண்ணனும் போனான். குடும்பமே சரிந்தபிறகும் இவள் நிமிர்ந்து நின்றாள். கணவன் போருக்குப் போனபோது ஆட்சியைப் பார்த்துக்கொண்டாள், சதுப்பு நிலங்களை வாங்கி நீர் வடித்து விளைநிலமாக்கினாள். 1519 ஜூன் 24, பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் இறந்தாள். வயது முப்பத்தொன்பது.

கேள்வி: அந்தக் குடும்பத்தில் ஒரு புனிதரும் உண்டாமே? கிண்டலா?

கிண்டல் இல்லையம்மா. டைபரில் பிணமாகக் கிடைத்த ஹுவானின் பேரன் பிரான்சிஸ் போர்ஜியா 1565இல் சேசு சபையின் மூன்றாம் தலைவரானார், பின்னாளில் புனிதர் பட்டமும் பெற்றார். முத்துக்குளித்துறையில் தமிழ் கற்று எழுதிவந்த அன்றிக்கே அன்றீக்கசு பாதிரியார் அந்த ஆண்டுகளில் இவருக்குக் கீழ்ப்பட்டவர்தான்.