காற்றை எதிர்த்துப் புறப்பட்டு, காற்றோடு திரும்புங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரின் செங்காங்கில் வசிக்கிறோம். ஏழு வயது மகன் இப்போதுதான் தனியாகச் சைக்கிள் ஓட்டப் பழகியிருக்கிறான். மகளுக்கு நான்கு வயது. ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் இளமையில் சைக்கிளில் வேலைக்குச் சென்றவர், இப்போது அவருக்கு முழங்கால் வலி உண்டு. ஜூன் பள்ளி விடுமுறையில் எல்லோருமாக ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குச் சென்று கடலோரமாகச் சைக்கிள் ஓட்ட விரும்புகிறோம். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை போய்விடலாம் என்கிறார் என் கணவர். எப்படித் திட்டமிடுவது?
— ஒரு வாசகி, செங்காங்

பதில்: மறுகோடி வரை போகும் எண்ணத்தை இந்த முறை கைவிடும்படி உங்கள் கணவரிடம் அன்போடு சொல்லுங்கள். பூங்கா 15 கிலோமீட்டருக்கும் கூடுதலாக நீண்டு கிடக்கிறது; போய்த் திரும்பினால் 30 கிலோமீட்டர் ஆகிவிடும். இத்தகைய பயணத்தின் நீளத்தை வலுவுள்ளவரின் கால்களை வைத்து அளக்கக் கூடாது. உங்கள் குடும்பத்தில் அந்த அளவுகோல் உங்கள் மகன்தான். புதிதாகப் பழகிய ஏழு வயதுப் பிள்ளை இடையிடையே நின்று, கப்பலைப் பார்த்து, தண்ணீர் குடித்து ஓட்டும்போது ஒரு மணி நேரத்தில் ஆறேழு கிலோமீட்டர் கடந்தாலே நல்ல வேகம். போகும்போது நான்கு, வரும்போது நான்கு என்று எட்டு கிலோமீட்டர் உங்களுக்குப் போதும். அதிலேயே ஒரு நாள் நிறைந்துவிடும்.

அந்த நான்கு கிலோமீட்டருக்கு ஏற்ற இடம் பூங்காவின் நடுப்பகுதி. கிழக்கே பிடோக் படகுத்துறையின் பக்கமிருந்து புறப்பட்டு, ஈஸ்ட் கோஸ்ட் லகூன் உணவங்காடியைக் கடந்து, மேற்கே மரின் கோவ் வரை சென்று திரும்புங்கள். 1960களில் தொடங்கிய நிலமீட்புப் பணியில் கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலம் என்பதால் இங்கே மேடு பள்ளம் அநேகமாக இல்லை. தென்னையும் சவுக்கும் பல இடங்களில் நிழல் தருகின்றன. மரின் கோவ் பகுதியில் 3,500 சதுர மீட்டர் பரப்புள்ள சிறுவர் விளையாட்டுத் திடல் இருக்கிறது. கலங்கரை விளக்கம் போன்ற அதன் கோபுரத்தில் ஏறலாம் என்ற ஆசை ஒன்றே உங்கள் மகனை அவ்வளவு தூரமும் இழுத்துச் சென்றுவிடும்.

கிழக்கிலிருந்து மேற்காகப் போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை சிங்கப்பூரில் தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. பூங்காவின் பாதையோ ஏறக்குறைய தென்மேற்கிலிருந்து வடகிழக்காகச் செல்கிறது. மரின் கோவ் பகுதியில் தொடங்கிக் கிழக்கே போனால், காற்று தென்மேற்கிலிருந்து வீசும் நாளில் அது முதுகைத் தள்ளும். பிள்ளை உற்சாகமாக ஓட்டுவான், நீங்களும் தூரம் தெரியாமல் போய்க்கொண்டே இருப்பீர்கள். திரும்பும்போதுதான் கால்கள் ஓய்ந்த நிலையில், வெயில் ஏறிய வேளையில், எதிர்காற்றில் மிதிக்க வேண்டியிருக்கும். குழந்தைகள் அழத் தொடங்குவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். ஆகவே தெம்பு இருக்கும்போது காற்றை எதிர்த்துப் போய்விட்டு, களைத்தபின் காற்றோடு திரும்புங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் இதே பயணத்தை மரின் கோவ் பகுதியில் தொடங்குவதே நல்லது.

காலை ஏழு மணியையொட்டிச் சூரியன் உதிக்கும். ஏழரைக்குள் கடலோரத்தில் இருந்தால் பத்தரைக்குள் சைக்கிள் வேலையை முடித்துவிடலாம். வாடகைக் கடை அந்த நேரத்தில் திறந்திருக்குமா, அது கிழக்குப் பாதியில் இருக்கிறதா, குழந்தை இருக்கை பொருத்திய சைக்கிள் கிடைக்குமா என்பவற்றை முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். உணவங்காடியும் படகுத்துறையும் பராமரிப்புக்காக மூடப்படும் காலங்கள் உண்டு. அதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வார நாளில் செல்லுங்கள். ஞாயிறு காலையில் வேகமாக ஓட்டுபவர்களும் சக்கரக் காலணி அணிந்தவர்களும் பாதையை நிறைத்துவிடுவார்கள்; சைக்கிள் பாதையின் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர், தள்ளாடி ஓட்டும் சிறுவனுக்கு அதுவே அச்சம் தரும்.

சைக்கிளை வாடகைக்கு எடுத்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். இரண்டு பிரேக்குகளையும் தனித்தனியே அழுத்தி, வண்டியைத் தள்ளிப் பாருங்கள். உங்கள் மாமியாருக்கு இருக்கையின் உயரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். அவர் அமர்ந்து, கீழே இருக்கும் மிதிகட்டையின் மேல் குதிகாலை வைக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் இலேசாக மட்டுமே மடங்கும். இருக்கை தாழ்வாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் மிகுதியாக மடங்கி வலி கூடும். வாடகைக்கு எடுப்பவர்களில் பலர், கால் தரையில் முழுதாக ஊன்ற வேண்டும் என்றெண்ணி இருக்கையைத் தாழ்த்திவிடுகிறார்கள். இறங்கும்போது நீங்கள் அருகில் நின்று பிடித்துக்கொள்ளுங்கள். துப்பட்டாவை இடுப்பில் இறுகக் கட்டச் சொல்லுங்கள். பின்சக்கரக் கம்பிகளில் அதன் முனை சிக்கினால் விழுவதைத் தவிர்க்க முடியாது. அவருக்கு ஓட்ட மனமில்லாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். உணவங்காடிக்கு அருகே நிழலில் பாய் விரித்து அமர்ந்து, நீங்கள் திரும்பும்வரை கடலைப் பார்த்திருப்பதும் அவருக்கு நல்ல விடுமுறைதான்.

மகளைப் பின்னிருக்கையில் பட்டை மாட்டி உட்காரவையுங்கள். இருக்கை தாங்கும் எடையைக் கடைக்காரரிடம் கேளுங்கள். அவள் எடையும் சேர்வதால், அந்த வண்டியைச் சமநிலை நன்கு தெரிந்தவர் ஓட்ட வேண்டும். குழந்தை அமர்ந்திருக்கையில் வண்டியை நிறுத்துகாலில் சாய்த்துவிட்டு நகரக் கூடாது. மகனுக்கு முன்னே ஒருவரும், அவனுக்குச் சற்றுப் பின்னே வலப்பக்கமாக மற்றொருவரும் செல்லுங்கள். முந்துபவர்கள் அப்போது அவனை உரச முடியாது. கடல்மணல் படிந்த இடங்களில் திரும்பியபடி பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும் என்பதை, மணலைக் காட்டியே அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஜூன் மாதக் காலைகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுமத்ராவிலிருந்து வரும் சூறைக்காற்று, விடியலுக்கு முன்பிருந்து நண்பகல் வரையான வேளையில் இடிமழையோடு தாக்கக்கூடும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். மேற்கு வானம் திடீரெனக் கறுத்தால், மரத்தடியில் ஒதுங்காமல் உணவங்காடி போன்ற கட்டடத்துக்குள் சென்றுவிடுங்கள். புறப்படும் முன் வானிலைச் செயலியில் மழை வரைபடத்தைப் பார்ப்பது இந்தப் பயணத்துக்குக் கட்டாயம் என்பேன்.

உணவங்காடியில் சாத்தேயும் வாட்டிய கோழி இறக்கையும் பெயர்பெற்றவை. ஆனால் பல கடைகள் பிற்பகலில்தான் சூடுபிடிக்கும். காலைப் பயணத்துக்கு எலுமிச்சை சாதமோ இட்லியோ கட்டி எடுத்துச் செல்லுங்கள். மைனாக்களும் காகங்களும் திறந்த டப்பாவைச் சும்மா விடா.

கேள்வி: எங்களிடம் சொந்தச் சைக்கிள்கள் உள்ளன. எம்ஆர்டி ரயிலில் பூங்காவுக்குக் கொண்டுபோகலாமா?
— ஒரு வாசகர், ஊட்ரம்

பதில்: மடக்கும் சைக்கிளை மட்டும் கொண்டுபோகலாம், மடக்கிய நிலையில் 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலத்துக்குள் இருக்க வேண்டும். 2024 ஜூனில் தாம்சன் – ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை பேஷோர் நிலையம் வரை நீண்டபின் உங்களுக்கு ரயில் மாற வேண்டிய தேவையே இல்லை: ஊட்ரம் பார்க்கில் ஏறி மரின் பரேடிலோ சிக்லாப்பிலோ இறங்கலாம். அங்கிருந்து பூங்காவுக்கு, விரைவுச்சாலைக்கு அடியில் செல்லும் சுரங்க நடைபாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போங்கள்.

கேள்வி: டைனோசர் சிலைகள் இருக்கும் இடத்துக்கு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலிருந்தே ஓட்டிச் செல்ல என் பேரன் கேட்கிறான். வயது எட்டு.
— ஒரு வாசகர், பிடோக்

பதில்: பாதை இருக்கிறது. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட சாங்கி விமான நிலைய இணைப்புப் பாதை 3.5 கிலோமீட்டர் நீளமுள்ளது. சிலைகள் அதன் விமான நிலைய முனையை ஒட்டி ஒரு கிலோமீட்டருக்கு நிற்கின்றன. ஆனால் பூங்காவின் நடுவிலிருந்து அங்கு போய்த் திரும்புவது எட்டு வயதுப் பிள்ளைக்கு மிகை. அதைத் தனி நாளாக வையுங்கள்: இரண்டாம் முனையத்துக்கு அருகில் சைக்கிள் வாடகைக்கு எடுத்து, முதலில் சிலைகளைக் காட்டிவிட்டு, கடல் தெரியும் வரை ஓட்டிப்போய்த் திரும்புங்கள். நிழல் குறைந்த பாதை என்பதால் மாலை நான்கரைக்குமேல் புறப்படுவது நல்லது.