கடலில் ஒதுங்கிய கட்டையில் ஆர்க்கிட்: முதலில் உப்பை இறக்குங்கள்

கேள்வி: திருவான்மியூரில் இரண்டாவது மாடியில் வசிக்கிறேன். கிழக்கு பார்த்த பால்கனியில் டென்ட்ரோபியம், ஃபெலனாப்சிஸ், வாண்டா ஆகிய ஆர்க்கிட் வகைகளைத் தொட்டியில் வளர்த்து வருகிறேன். டிசம்பர் மழை முடிந்ததும் கொட்டிவாக்கம் கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்த மரக்கட்டைகளை எடுத்து வந்து, கழுவி, வெயிலில் காயவைத்து, ஒன்றில் டென்ட்ரோபியத்தைச் செம்புக் கம்பியால் கட்டினேன். தினமும் போர் தண்ணீர் தெளித்தும், மூன்று வாரத்திற்குள் வேர்முனைகள் கறுத்து இலைகள் சுருங்கிவிட்டன. மற்ற செடிகளையும் இந்தக் கட்டைகளில் கட்டலாமா? என் கணவர் பிவிசி குழாயில் செய்து கொடுத்த தாங்கியில் கட்டலாமா?

பதில்: உங்கள் செடி, தினமும் தண்ணீர் கிடைத்தும் தாகத்தில் வாடிக்கொண்டிருக்கிறது. கடலில் நெடுநாள் ஊறிய கட்டை உப்புநீரைத் தன் உட்புறம் வரை உறிஞ்சி வைத்திருக்கும். மேலாகக் கழுவி வெயிலில் போட்டால் தண்ணீர் மட்டும் ஆவியாகி உப்பு உள்ளேயே தங்கிவிடும். பிறகு நீங்கள் தெளிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த உப்பு சிறிது சிறிதாகக் கரைந்து, வேர் ஒட்டியிருக்கும் இடத்திற்கே வந்து சேர்கிறது. வேருக்கு வெளியே உப்பு மிகும்போது வேரால் நீரை உள்ளே இழுக்க முடியாது என்பதோடு, தன்னிடம் உள்ள நீரையும் அது இழக்கத் தொடங்கும். இதனுடன், ஆர்க்கிட் வேருக்கு நஞ்சாகிய செம்புக் கம்பியும், கடலோரப் பகுதிகளில் பல இடங்களில் உப்பு ஏறிக் கிடக்கும் போர் தண்ணீரும் சேர்ந்துகொண்டன. செம்பு கலந்த பூஞ்சாணக்கொல்லி மருந்துகளையும் இதே காரணத்தால் டென்ட்ரோபியத்திற்குத் தவிர்ப்பது நல்லது.

உங்கள் வாண்டாவின் தொங்கும் வேர் ஒன்றைக் கையில் பிடித்துப் பாருங்கள். காய்ந்திருக்கும்போது அது வெள்ளி நிறத்தில், சுண்ணாம்பு பூசிய நூல்கயிறு போல இருக்கும். அதன் மீது சில சொட்டு மழைநீரை விட்டால், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெண்மை மறைந்து பச்சை தெரியும். வேரைச் சுற்றியுள்ள வெலாமன் என்னும் பஞ்சு போன்ற உறை நீரை உறிஞ்சியதற்கு அதுவே அடையாளம். மரக்கிளைகளைத் தொற்றி வாழும் இந்தச் செடிகளுக்கு, மழை வந்தவுடன் உறிஞ்சவும், மழை விட்டதும் காற்றில் உலரவும் இயற்கை அளித்த ஏற்பாடு இது. பலர் நினைப்பதுபோல ஆர்க்கிட் புல்லுருவி இனத்தைச் சேர்ந்தது அன்று. மரத்தின் சாற்றை அது உறிஞ்சுவதில்லை, மரம் அதற்கு நிற்க ஓர் இடம், அவ்வளவே. எனவே கட்டை அழகாக இருக்கிறதா என்பதைவிட, அந்த வெலாமனைத் தொடும் நீரில் என்ன கரைந்திருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பாதிக்கப்பட்ட செடியை இன்றே கட்டையிலிருந்து பிரித்துவிடுங்கள். மழைநீரிலோ ஆர்.ஓ. நீரிலோ அரை மணி நேரம் மூழ்கவைத்து, நீரை மாற்றி இன்னொரு முறை மூழ்கவையுங்கள். அழுத்தினால் நசுங்கும் கறுத்த வேர்களைத் தீயில் காட்டிச் சுத்தப்படுத்திய கத்தரியால் வெட்டிவிட்டு, கெட்டியாக இருக்கும் வேர்களை, நுனி கருகியிருந்தாலும், விட்டுவைக்கலாம். பிறகு நன்கு கழுவிய கரித்துண்டுகள் நிரப்பிய சிறிய மண்தொட்டியில் வைத்து, நிழலில் நான்கு வாரம் உரமே இல்லாமல் பராமரியுங்கள். தண்டு பருத்து உறுதியாக இருந்தால் செடி பிழைக்கும். சுருங்கிய பழைய இலைகள் முழுமையாக விரியாமல் போகலாம். அதைக் கண்டு கவலைப்படாமல், அடியில் புதுத்தளிரும் அதிலிருந்து புதுவேரும் வருகின்றனவா என்று கவனியுங்கள்.

கட்டைகளை எறிய வேண்டாம். முதலில் ஒரு ஸ்குரூ டிரைவரால் பல இடங்களில் அழுத்திப் பாருங்கள். முனை எளிதாக இறங்கும் கட்டை ஏற்கெனவே உளுத்தது, அதை விட்டுவிடலாம். ஆர்க்கிட் ஒரு கட்டையை நன்றாகப் பற்றிக்கொள்ளவே ஓராண்டு ஆகும் என்பதால், அதன்பிறகும் சில ஆண்டுகள் நிற்கக்கூடிய வைரமுள்ள மரமே வேண்டும். நான் பல ஆண்டுகளுக்கு முன் கைக்குக் கிடைத்தது என்று முருங்கைக் கட்டையில் ஒரு டென்ட்ரோபியத்தைக் கட்டினேன். ஒரே வடகிழக்குப் பருவமழையில் கட்டை பஞ்சாகி உதிர்ந்தது. நன்றாக வேர்விட்டிருந்த செடியைப் பிய்த்து வேறு கட்டைக்கு மாற்றியதில் பாதி வேர்கள் போய்விட்டன. சவுக்கு, தேக்கு, பனை ஆகியவை நீண்டகாலம் உழைக்கும். இன்ன மரமென்று தெரியாத கடல்கட்டையில், கெட்டியாக எஞ்சியிருக்கும் உள்பகுதி பெரும்பாலும் நன்றாகவே உழைக்கும்.

நல்ல கட்டைகளை ஒரு டிரம்மில் போட்டு, மேலே கல்லை வைத்து, முழுவதும் நல்ல தண்ணீரில் மூழ்கவையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். கை மணிக்கட்டு கனமுள்ள கட்டைக்கு நான்கு வாரமும், அதைவிடப் பருத்ததற்கும் கடற்புழு துளைத்த ஓட்டைகள் நிறைந்ததற்கும் எட்டு வாரம் வரையும் ஆகலாம். டிரம்மின் வாயைக் கொசுவலையால் இறுக்கிக் கட்டுவதை மறந்துவிடாதீர்கள். டெங்குவைப் பரப்பும் கொசு இதுபோன்ற தெளிந்த நீரில்தான் முட்டையிடும். உப்பு இறங்கிவிட்டதா என்பதை நாக்கில் வைத்துப் பார்த்து முடிவு செய்ய முடியாது. நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைப் பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கணக்கில் காட்டும், குடிநீரைச் சோதிக்கும் சிறிய டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாக நிரப்பிய நீரின் அளவைக் குறித்து வைத்து, கட்டை இரண்டு நாள் ஊறிய பிறகு மீண்டும் பாருங்கள். முதலில் குறித்த அளவைவிட 50 பிபிஎம்முக்கு மேல் கூடியிருந்தால் ஊறவைப்பதைத் தொடர வேண்டும். ஏற்றம் அதற்குள் அடங்கிய பிறகே கட்டையை நம்பலாம்.

தெளிக்கும் நீருக்கும் அதே மீட்டர் பயன்படும். 300 பிபிஎம்முக்குக் கீழே இருக்கும் நீர் ஆர்க்கிட்டுக்குப் பொருந்தும். 200-க்குள் இருந்தால் மிகவும் நல்லது. மொட்டைமாடி மழைநீரைச் சேமித்து வைப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. அது தீர்ந்தபின் ஆர்.ஓ. கருவியில் வடிகட்டிய நீரைப் பயன்படுத்தலாம். அக்கருவியிலிருந்து வெளியேறும் கழிவுநீரில் உப்பு இன்னும் செறிந்திருக்கும் என்பதால், சிக்கனம் கருதி அதை ஆர்க்கிட்டுக்கு ஊற்றிவிடாதீர்கள்.

பிவிசி தாங்கியைச் சட்டமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வழவழப்பான குழாயை வேர் எளிதில் பற்றாது. நீரையும் அது துளிகூடத் தேக்கி வைக்காது. குழாயைச் சுற்றி நிழல்வலையை இரண்டு மூன்று அடுக்காகச் சுற்றி, அதன்மேல் தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றினால் வேர் பிடிக்கும். ஆனால் நாரும் உப்புநீரில் ஊறவைத்து எடுக்கப்பட்டதாக இருக்கக்கூடும். கட்டைக்குச் செய்த அதே சோதனையைக் கயிற்றுக்கும் செய்யுங்கள். வீட்டில் செய்யக்கூடியவற்றில் என் முதல் தேர்வு, பழைய வீடுகளை இடிக்கும் இடங்களில் கிடைக்கும் மங்களூர் ஓடு. சொரசொரப்பும் நுண்துளைகளும் உள்ள அந்தச் சுட்ட மண், நீரை உறிஞ்சி மெதுவாக வெளிவிடுவதால், நம் கோடையில் வேரைக் குளிர்ச்சியாக வைக்கும். சுண்ணாம்போ சிமெண்டோ ஒட்டியிருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு, ஒரு வாரம் ஊறவைத்த பிறகு பயன்படுத்துங்கள்.

மூன்று வகைகளையும் ஒரே விதமாக நடத்த முடியாது. ஃபெலனாப்சிஸை ஓட்டில் கட்டும்போது, இலைகள் கீழ்நோக்கிச் சாய்ந்து தொங்கும்படி வையுங்கள்; குருத்தில் மழைநீர் தேங்கினால் நவம்பரில் ஒரே வாரத்தில் அழுகிவிடும். உயரமாக வளரும் டென்ட்ரோபியத்திற்கு அகலமும் எடையும் உள்ள கட்டை தேவை. இல்லையெனில் பூங்கொத்து வரும்போது தலைகீழாகக் கவிழும். வாண்டாவிற்குக் கட்டையே வேண்டியதில்லை. தேக்குச் சட்டங்களாலான கூடையில் வெறும் வேரோடு தொங்கவிட்டு, தினமும் காலையில் ஒரு வாளி நீரில் பத்து நிமிடம் வேர்களை மூழ்கவைத்தால் போதும்.

கட்டுவதற்கு மீன்பிடி நரம்பையோ பழைய பனியன் துணியைக் கிழித்த நாடாவையோ பயன்படுத்துங்கள். வேர்களை விரல்களைப் போல விரித்து வைத்து, அவற்றின் கீழே மெல்லிய நார்ப் படுக்கை ஒன்றை மட்டும் கொடுங்கள். செடியின் அடித்தண்டை நாரால் மூடினால் அழுகும். கட்டிய பிறகு விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள், செடி அசையக் கூடாது. காற்றில் ஆடும் செடியின் இளவேர்முனை கட்டையில் உரசி உரசியே ஒடிந்துபோகும்; நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று வீசும் உங்கள் பால்கனியில் இதில் கூடுதல் கவனம் தேவை. அந்தக் காற்றோடு வரும் உப்பு இலையில் படியும் என்பதால், வாரம் ஒருமுறை இலைகளை நல்ல நீரால் கழுவிவிடுங்கள்.

கட்டையில் ஏறிய செடிக்குத் தொட்டியின் ஈரச் சேமிப்பு கிடையாது. சாதாரண நாட்களில் காலையில் ஒருமுறையும், ஏப்ரல், மே மாதங்களில் மாலை நான்கு மணியளவில் இன்னொரு முறையும், வேர் முழுவதும் பச்சையாகும் வரை நனைக்க வேண்டும். நீங்கள் ஒரு வாரம் ஊருக்குப் போவதானால் யாராவது இதைச் செய்ய முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். இது இயலாது என்றால் ஃபெலனாப்சிஸைத் தொட்டியிலேயே விட்டுவிடச் சொல்வேன். தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் வீதம் கரைத்து, வேர்களை நனைத்த பின்பு வாரம் ஒருமுறை தெளித்தால் போதுமானது. டென்ட்ரோபியத்திற்கும் வாண்டாவிற்கும் 50 சதவீத நிழல்வலையும், ஃபெலனாப்சிஸுக்கு 75 சதவீத நிழலும் பொருந்தும்.

நாள்காட்டியைவிடச் செடியைப் பார்த்தே கட்டும் நேரத்தை முடிவு செய்யுங்கள்: புதுத்தளிரின் அடியில் பச்சை நுனியோடு வேர்கள் ஒரு சென்டிமீட்டர் நீளத்திற்கு எட்டிப் பார்க்கும்போது கட்டினால், அவை கட்டையிலேயே வளர்ந்து ஒட்டிக்கொள்ளும். அக்னி நட்சத்திர வெயிலில் மட்டும் இந்த வேலையைத் தொடாதீர்கள். கட்டைகளை இப்போதே டிரம்மில் போட்டால், கோடை முடிந்து ஆனி மாதத்தில் மாலை மழை தொடங்குவதற்குள் அவை உப்பு இறங்கித் தயாராக இருக்கும்.