இன்டெலிஜென்ஸ் 6 என்றால் நாக்குக் குழற வேண்டுமா?

கேள்வி: கோத்தகிரியில் நாங்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். ஆளுக்கொரு கேரக்டராக நடித்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேஜை விளையாட்டு அது. புதுக் கேரக்டருக்குப் பகடை உருட்டியதில் எனக்கு இன்டெலிஜென்ஸ், அதாவது கேரக்டரின் புத்திக்கான எண், 6 விழுந்தது. குறைவுதான். நாக்கை மடித்து, திக்கித் திக்கிப் பேசி நடித்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விளையாடுவது நண்பன் வீட்டில். அவன் தம்பிக்கு அறிவுசார் குறைபாடு உண்டு. அன்று எங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். நாங்கள் சிரித்ததால் அவனும் சிரித்தான். அதற்கப்புறம் அந்தக் குரல் எனக்கு வரமாட்டேன் என்கிறது. கேரக்டரையே மாற்றிவிடட்டுமா?

பதில்: மாற்ற வேண்டாம். அந்தக் குரலை மட்டும் விட்டுவிடுங்கள், ஆள் இருக்கட்டும்.

முதலில் அந்த 6 என்ன சொல்கிறது என்று பார்ப்போம். எந்தப் பதிப்பு என்று நீங்கள் எழுதவில்லை. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு என்று வைத்துக்கொள்கிறேன். அதில் 6 என்றால், புத்தியைச் சோதிக்கும் இடங்களில் பகடையில் விழுவதிலிருந்து 2 கழிக்க வேண்டும், அவ்வளவுதான். 10 எடுத்தால் போதும் என்கிற ஒரு சுலபமான கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்டெலிஜென்ஸ் 10 உள்ள சாதாரண ஆளுக்கு இருபது முகப் பகடையில் 55 சதவீத வாய்ப்பு. உங்கள் ஆளுக்கு 45. அதாவது ஊர்க்காரர் இருபது தடவையில் பதினொரு தடவை சரியாகச் சொல்வதை இவர் ஒன்பது தடவை சொல்வார். இந்த இரண்டு தடவை வித்தியாசத்துக்கா அத்தனை எச்சில் வடித்தீர்கள்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஊர்க்காரர் ஒவ்வொருவருக்கும் ஆறு முகப் பகடை மூன்றை உருட்டி இன்டெலிஜென்ஸ் போடுவதாக வைத்துக்கொள்வோம். அது 216 விதமாக விழலாம். அதில் 20 விதம் 6 அல்லது அதற்குக் கீழே. ஏறக்குறைய பதினொரு பேரில் ஒருவர். குன்னூர் பஸ்ஸில் ஐம்பது பேர் ஏறினால் நாலைந்து பேர் உங்கள் கேரக்டர்தான். அவர்கள் சரியான சில்லறை கொடுத்து, சரியான ஸ்டாப்பில் இறங்கி, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். ஆக, 6 என்பது டாக்டர் எழுதிக்கொடுத்த சான்றிதழ் ஆகாது. அறிவுசார் குறைபாட்டை முடிவு செய்யும்போது மதிப்பெண்ணோடு, அன்றாட வாழ்க்கையை ஒருவர் எப்படிச் சமாளிக்கிறார் என்பதையும் பார்ப்பார்கள். எண்களை எழுதி வைக்கிற உங்கள் கேரக்டர் ஷீட்டில் அதற்குக் கட்டமே இல்லை.

இதில் விளையாட்டின் மேலேயும் கொஞ்சம் பழி உண்டு. 1981-ல் வந்த அடிப்படைத் தொகுப்பில், இன்டெலிஜென்ஸ் 3 என்றால் பேச்சுத் தடுமாறும், 5 வரைக்கும் எழுதப் படிக்க வராது என்று விதியே போட்டிருந்தார்கள். எழுத்து தெரியாதவன் புத்தியில்லாதவன் என்கிற எண்ணம் அப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. நம் மலையில் இருந்துகொண்டு அதை நம்பக் கூடாது. தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் பூவேலை செய்வதைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? கீழே வரைந்த கோடு கிடையாது. துணியின் இழையை எண்ணி எண்ணியே ஊசி போகும். ஓர் இழை தப்பினால் வரிசை கோணிவிடும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை அது. அந்தக் கணக்கைப் பள்ளிக்கூடம் போகாத பாட்டி போடுவார், நாம் போட முடியாது.

இங்கே என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். குன்னூரில் நான் விளையாட்டு நடத்த ஆரம்பித்த புதிதில், ஒரு மந்தமான காவல்காரனுக்குப் படுகர் பேசும் தமிழின் சாயலைக் கொடுத்தேன். மேஜையில் ஒரு படுக நண்பர் இருந்தார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "எங்க அம்மா மாதிரியே பேசறீங்க" என்றார். அவர் சிரிக்கவில்லை. அதோடு சரி. எஸ்டேட் தமிழ், படுகு, இருளர் பேச்சு எதையும் முட்டாளுக்கான குரலாக எடுக்காதீர்கள். திக்குவாயும் அப்படித்தான், அதற்கும் புத்திக்கும் சம்பந்தமே இல்லை.

சரி, பிறகு எப்படி நடிப்பது? ஆளுக்கு ஒரு தொழில் கொடுங்கள். கோவேறு கழுதை ஓட்டுகிறவன், பெயர் சடையன் என்று வைப்போம். பனிமூட்டத்தில் வழி தப்பிவிட்டது. குழுவிலுள்ள மந்திரவாதி கேரக்டர் வரைபடத்தைப் பிரித்து வடக்கே கை காட்டுகிறார்.

"அந்தப் பக்கம் வேணாம். கழுதை காதைப் பின்னால வச்சிருக்கு."

"அதனால என்ன?"

"தெரியாது. போன தடவ இப்படி வச்சப்போ கரடி வந்துச்சு."

சின்னச் சின்ன வாக்கியம், ஆனால் முழு வாக்கியம். காரணம் சொல்லத் தெரியவில்லை. பார்த்ததைச் சொல்லத் தெரிகிறது. விதிப்படியும் இது சரி. விலங்கைப் புரிந்துகொள்வது, காட்டில் வழி பார்ப்பது, எதிராளியின் மனதை ஊகிப்பது எல்லாம் விஸ்டம் என்கிற வேறொரு எண்ணில் வருகிறது. இன்டெலிஜென்ஸ் அங்கே தலையிடுவதில்லை. மந்திரவாதி பிடிவாதமாகக் கயிற்றை இழுத்து, கழுதை நடுவழியில் உட்கார்ந்தால் மேஜை சிரிக்கும். அந்தச் சிரிப்பில் சடையனும் சேர்ந்துகொள்வான்.

குறையையும் மறைக்க வேண்டாம். ராஜாக்கள் பெயர் அவனுக்குக் குழம்பும். மூன்று வேலை சொன்னால் மூன்றாவது மறக்கும். அது அவனுக்கே தெரியும் என்பதால் வேலைக்கு ஒரு முடிச்சாகக் கயிற்றில் போட்டுக்கொள்வான். "புரியல, இன்னொரு தடவ சொல்லுங்க" என்று கூச்சப்படாமல் கேட்பான். இப்படி ஒருவன் கேட்டால்தான் மற்ற நாலு பேருக்கும் திட்டம் புரியவில்லை என்பது வெளியே வரும். என் மேஜையில் இது பலமுறை நடந்திருக்கிறது.

ஒரு சிக்கல் மட்டும் நிஜமானது. புதிருக்கு விடை உங்களுக்குத் தெரிந்துவிடும், சடையனுக்குத் தெரியக் கூடாது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் உங்களுக்கு அலுப்பு. விடையை மேஜைக்குச் சொல்லிவிடுங்கள், மந்திரவாதி கண்டுபிடித்ததாக இருக்கட்டும். இதற்குக் குழுவின் சம்மதத்தை முன்கூட்டியே வாங்கிவிட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அதே பேச்சில் பழைய குரலை நிறுத்திவிட்டதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பிரசங்கம் வேண்டாம்.

கடைசியாகத் தம்பி விஷயம். அவன் காதுபட அவனைப் பற்றி மற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டு இன்னொரு காட்சி உண்டாக்காதீர்கள். அடுத்த ஞாயிறு, "விளையாட வர்றியா?" என்று அவனிடமே கேளுங்கள், அண்ணனிடம் கேட்க வேண்டாம். வருகிறேன் என்றால் என்னவாக வர ஆசை என்றும் அவனே சொல்லட்டும். மந்திரவாதி என்றால் அவனுக்கு விழுந்த எண்களில் பெரியதைத் தூக்கி இன்டெலிஜென்ஸில் போடுங்கள். மந்திரங்களை ஒவ்வொரு அட்டையில் ஒன்றாக, பெரிய எழுத்தில், படத்தோடு எழுதிக் கொடுங்கள். வரவில்லை என்றால் வர்க்கியும் டீயும் சாப்பிட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காரட்டும்.