“அப்ப மனசுல என்ன ஓடுச்சு?” – வாசகர் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார வாசகர்களின் கேள்விகளுக்கு இம்முறை மனநல ஆலோசகர்கள் இருவர் பதில் தருகிறார்கள்.

ஆலோசகர் பயிற்சியில் மனநல மருத்துவர் ஆரோன் பெக் பெயரை அடிக்கடி சொன்னார்கள். கொள்கை புரிந்தது, ஆள் பிடிபடவில்லை. கூட இருந்தவர்கள் அவரை எப்படி நினைவுகூர்கிறார்கள்?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

சகாக்களுக்கு அவர் ‘டிம்’. பெயரின் நடுவில் இருந்த ‘டெம்கின்’ அப்படிச் சுருங்கியது. சிவப்பு போ டை, மெதுவான பேச்சு, ஓயாத கேள்வி என்றுதான் அவர்கள் அவரைச் சொல்வார்கள். 1921இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்துப் பிராவிடென்ஸ் நகரில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். 2021 நவம்பர் 1ஆம் தேதி, நூறு வயதில் மறைந்தார்.

முதலில் அவர் பிராய்டின் மனப்பகுப்பாய்வு வழியில் பயின்றவர். மனச்சோர்வு என்பது உள்ளே திரும்பிய கோபம் என்ற கருத்தை நிரூபிக்கத்தான் நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். கனவுகளில் கோபத்தைவிட இழப்பும் தோல்வியும் புறக்கணிப்புமே நிறைந்திருந்தன. நம்பியதை விட்டுவிட்டுக் கண்டதைப் பிடித்துக்கொண்டார். அதே காலத்தில் ஒரு பெண் நோயாளி தன் அந்தரங்க விஷயங்களைச் சொல்லிக்கொண்டே பதற்றப்பட்டார். பெக் பாடப்புத்தக விளக்கம் ஒன்று கொடுத்தார். அந்தப் பெண் சொன்னதோ வேறு: “நான் பேசுவது உங்களுக்குச் சலிப்பாக இருக்குமோ என்றுதான் பயந்தேன்.” பேச்சுக்கு அடியில் இப்படி இன்னொரு பேச்சு ஓடுவதைக் கண்டதிலிருந்துதான் சிபிடி எனப்படும் சிந்தனை–நடத்தைச் சிகிச்சை வளர்ந்தது.

மனப்பகுப்பாய்வுச் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்கவில்லை. துணைக்கு ஆள் குறைவாக இருந்த அந்த ஆண்டுகளில் மனைவி பிலிஸிடமும் மகள் ஜூடித்திடமும்தான் தன் யோசனைகளைச் சொல்லிப் பார்த்தார். பிலிஸ் பின்னாளில் பென்சில்வேனியா சுப்பீரியர் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதியானவர். ஆதாரம் கேட்கும் தொழில்! ஜூடித் உளவியலாளராகி 1994இல் அப்பாவோடு சேர்ந்து பெக் பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். தொண்ணூறு வயதைத் தாண்டியும், மனச்சிதைவால் ஆண்டுக்கணக்கில் முடங்கியவர்களுக்கான சிகிச்சையில் பெக் இளம் சகாக்களோடு உழைத்தார்.

அம்மா பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். லயத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்ததிலிருந்து சுருண்டு கிடக்கிறார். எண்ணக் குறிப்பேடு எழுதச் சொன்னார்கள். அவருக்கு எழுத வராதே?
– மகள், சுங்கை சிப்புட்

எழுதுவதை நீங்கள் செய்யுங்கள், சொல்வது அம்மாவாக இருக்கட்டும். பள்ளிக்கூட எக்சசைஸ் புத்தகம் போதும். பக்கத்தை ஐந்து கட்டமாகக் கோடு போடுங்கள்: (1) எப்போது, எங்கே; (2) என்ன உணர்ச்சி, நூற்றுக்கு எவ்வளவு; (3) மனதில் ஓடிய எண்ணம்; (4) அதற்குச் சாதகமான, பாதகமான சான்று; (5) இப்போது எப்படித் தோன்றுகிறது, உணர்ச்சி மறுபடி எவ்வளவு. நூறு குழப்பினால் பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள். அன்று இரவுக்குள் குறித்துவிடுங்கள். மூன்று நாள் கழித்து எழுதினால் நினைவில் மிஞ்சுவது கதைதான், எண்ணம் இருக்காது.

தப்பு பெரும்பாலும் மூன்றாவது கட்டத்தில் நடக்கும். “வேதனையா இருக்கு” என்பது உணர்ச்சி, அது இரண்டாம் கட்டத்துக்குப் போக வேண்டும். “எனக்கு மட்டும் ஏன் இப்படி?” என்பது கேள்வி, கேள்விக்குச் சான்று தேட முடியாது. அதற்கு அம்மாவே மனதுக்குள் சொல்லிக்கொள்ளும் பதில் என்ன என்று விசாரியுங்கள். “நான் யாருக்கும் வேண்டாதவள்” என்று வரலாம். எழுத வேண்டியது அதைத்தான்.

சான்று என்பது அடுத்த வீட்டுக்காரரும் பார்த்திருக்கக்கூடியதாக இருக்கட்டும். “தம்பிக்கு அக்கறை இல்லை” சான்றாகாது. “இந்த மாதம் தம்பி இரண்டு முறை போன் செய்தான்” என்பது சான்று. அந்த எண்ணத்துக்குச் சாதகமானதையும் நேர்மையாக எழுதுங்கள். அதை மறைத்தால் அம்மா கண்டுபிடித்துவிடுவார். உணர்ச்சியின் எண் 80 இருந்தது 55 ஆனால் நல்ல பலன். ஒரேயடியாகப் பூஜ்யம் ஆனால், உங்களைத் திருப்திப்படுத்தச் சொல்கிறார் என்று கொள்ளுங்கள். அசையவே இல்லையென்றால் பிடித்த எண்ணம் மேலோட்டமானது. “அது உண்மைன்னா உங்களுக்கு என்ன அர்த்தம்மா?” என்று இன்னும் ஒரு படி இறங்குங்கள்.

ஆனால் சுருண்டு கிடப்பவரிடம் முதல் வாரமே குறிப்பேட்டை நீட்ட வேண்டாம். கடுமையான சோர்வில் பெக்கும் செயலில்தான் தொடங்கச் சொன்னார். காலை, மதியம், மாலை என்று மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன வேலை: குளிப்பது, கீழே இறங்கிக் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விடுவது. முடித்ததும் ‘செய்து முடித்த நிறைவு’, ‘சந்தோஷம்’ இரண்டுக்கும் பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள். நிறைவு முதலில் ஏறும். சந்தோஷம் தாமதமாக வரும்.

இதெல்லாம் ‘நல்லதையே நினை’ என்பதுதானே?
– கடைக்காரர், சுங்கை சிப்புட்

இல்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தவரிடம் நல்லதை நினை என்பது அநியாயம். எண்ணம் உண்மையென்று தெரிந்தால் குறிப்பேட்டை மூடிவிட்டு, யாரைப் பார்க்கலாம், எந்தத் தாளை எடுத்துப் போகலாம் என்று வழி தேட வேண்டும். அதுவும் இந்தச் சிகிச்சையின் பகுதிதான்.

இணையத்தில் பெக்கின் மனச்சோர்வுக் கேள்விகளுக்குப் பதில் கொடுத்தேன். 24 வந்தது. பயப்பட வேண்டுமா?
– செம்பனைத் தோட்ட கிராணி

1961இல் வந்த அளவுகோல் அது. 1996இல் திருத்தினார்கள். 21 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, ஆகமொத்தம் 63. திருத்திய பதிப்பு கடந்த இரண்டு வாரத்தைக் கேட்கிறது. அதில் 20 முதல் 28 வரை நடுத்தரம். இணையத்தில் உலவும் பிரதிகளில் கேள்விகள் மாறியிருக்கலாம். தைராய்டு கோளாறும் ரத்தச்சோகையும் அசதி, தூக்கக் கேள்விகளில் எண்ணைக் கூட்டிவிடும். எனவே அந்த எண்ணோடு அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான்.

கூட்டுத்தொகைக்கு முன்னால் நாங்கள் பார்ப்பது இரண்டு கேள்விகளை: இரண்டாவது, எதிர்காலம் பற்றிய நம்பிக்கை, ஒன்பதாவது, தற்கொலை எண்ணம். மொத்தம் 10 என்றாலும் இவற்றில் எண் ஏறியிருந்தால் அன்றே பேச வேண்டும். சோர்வைவிட நம்பிக்கையின்மையே தற்கொலையோடு நெருக்கமாகப் போகிறது என்பது பெக்கின் முக்கியமான கண்டுபிடிப்பு. சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. மனம்விட்டுப் பேச உதவும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு, கோலாலம்பூர் 03-76272929, 24 மணி நேரமும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸ் பயத்தில் யாரும் மறைக்க வேண்டியதில்லை.

‘தானியங்கி எண்ணங்கள்’ என்றால் எங்கள் ஆட்கள் முழிக்கிறார்கள். எப்படிக் கேட்பது?
– சமூக சேவையாளர்

தானாக மனதில் ஓடும் எண்ணங்களுக்கான அந்தச் சொல் பயிற்சி வகுப்போடு நிற்கட்டும். “ஏன் அப்படி நினைச்சீங்க?” என்றும் வேண்டாம், கண்டிப்பதுபோல் கேட்கும், உடனே சமாதானம் சொல்ல ஆரம்பிப்பார்கள். முகம் மாறும் அந்த நொடியில், “அப்ப மனசுல என்ன ஓடுச்சு?” பெக் கேட்டதும் ஏறக்குறைய இதேதான். பதில் வரும்வரை வாயைத் திறக்காதீர்கள். பேச்சு முடிந்ததும், “நான் சொன்னதுல எதாச்சும் மனசுக்கு ஒப்பலையா?” என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.