ஃபோர்ஸா ஹொரைசன் 6 வருவதற்குள் எந்த ஸ்டீயரிங் வீல் வாங்கலாம்?

"ஃபோர்ஸா ஹொரைசன் 6 கேமுக்காகக் காத்திருக்கிறேன். இதுவரை கன்ட்ரோலரில் மட்டுமே விளையாடியிருக்கிறேன். 30,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். கேம் வருவதற்குள் நல்ல ஸ்டீயரிங் வீல் ஒன்று வாங்கிவிட வேண்டும், எது வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். எந்தக் கன்சோலில் விளையாடப்போகிறீர்கள்? 2025 செப்டம்பரில் டோக்கியோ கேம் ஷோவையொட்டி இந்த கேமை அறிவித்தபோது, 2026இல் எக்ஸ்பாக்ஸ் சீரிஸிலும் கணினியிலும் முதலில் வரும், பிளேஸ்டேஷன் 5இல் அதற்குப் பிறகுதான் வரும் என்று சொன்னார்கள். வீல் வாங்குகிறவருக்கு இது பெரிய விஷயம். எக்ஸ்பாக்ஸுக்கான வீலை பிளேஸ்டேஷனில் செருகினால் வேலை செய்யாது, அதைப் போலவே பிளேஸ்டேஷனுக்கான வீலும் எக்ஸ்பாக்ஸில் ஓடாது. ஒவ்வொரு கன்சோலும் தன் உரிமம் பெற்ற கருவியைத்தான் ஏற்கும். லாஜிடெக் நிறுவனத்தின் ஜி29 வீல் பிளேஸ்டேஷனுக்கு, ஜி920 எக்ஸ்பாக்ஸுக்கு. இரண்டும் 2015இல் வந்த இரட்டைப் பிள்ளைகள், வெளித்தோற்றத்தில் வித்தியாசம் குறைவு. ஜி923 என்ற ஒரே பெயரில் இரண்டு வகையும் உண்டு. என் நண்பர் ஒருவர் பெட்டியின் மேல் இருந்த படத்தை மட்டும் பார்த்து வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கேபிளை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தார். பெட்டியின் ஓரத்தில் எந்தக் கன்சோலின் பெயர் அச்சாகியிருக்கிறது என்று படியுங்கள். பழைய வீல் வாங்குவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பிளேஸ்டேஷன் 3 காலத்து ஜி27 அருமையான வீல், கியர் கம்பியும் அதனுடனேயே வரும். ஆனால் பிளேஸ்டேஷன் 4 வந்த நாளிலிருந்து சோனி கன்சோல்களில் அதற்கு இடமில்லை.

அடுத்தது, ஹொரைசன் எப்படிப்பட்ட கேம் என்பது. 2012இல் கொலராடோவில் தொடங்கி, பிரான்ஸ்-இத்தாலி, ஆஸ்திரேலியா, பிரிட்டன், மெக்சிகோ என்று ஊர் ஊராகப் போய் இப்போது ஜப்பானுக்கு வந்திருக்கிறார்கள். வயலுக்குள் பாய்ந்து, வேலியை உடைத்து, மலையிலிருந்து குதித்து விளையாடும் கேம் அது. அதன் கார்கள் கன்ட்ரோலரின் சிறு குச்சிக்கு இணங்கி நடக்கும்படிதான் வடிவமைக்கப்பட்டவை. வீலில் உட்கார்ந்தால் முதல் ஒரு மாதம் நீங்கள் இப்போது ஓட்டுவதைவிட மெதுவாகத்தான் ஓட்டுவீர்கள். போட்டியில் ஜெயிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் அந்த 30,000 ரூபாயைத் தொடாதீர்கள். ஓட்டும் சுகம்தான் வேண்டும் என்றால் வாங்குங்கள், இந்த முறை அதற்கு நியாயமும் இருக்கிறது. ஜப்பானில் சாலையின் இடப்பக்கம் ஓட்டுவார்கள், ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கும், நம் ஊரைப் போலவே. "தோகே" என்று அவர்கள் சொல்லும் மலைப்பாதைகளில் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஏற்காட்டுக்கோ வால்பாறைக்கோ காரில் ஏறிப் போனவருக்கு அந்த வளைவு கையிலேயே தெரியும். அதை இரண்டு விரலால் தள்ளுவதைவிட இரண்டு கையால் திருப்ப ஆசைப்படுவது இயல்பு.

இனி வீல். கடைகளில் மூன்று வகை இருக்கிறது. உள்ளே இருக்கும் மோட்டாரின் விசை எந்த வழியாக உங்கள் கைக்கு வருகிறது என்பதுதான் வித்தியாசம். ஜி29, ஜி920 ஆகியவற்றில் பல்சக்கரங்கள் வழியாக வருகிறது. த்ரஸ்ட்மாஸ்டர் டி300இல் பெல்ட் வழியாக வருகிறது. ஃபனாடெக்கின் கிரான் டூரிஸ்மோ டிடி ப்ரோ, எக்ஸ்பாக்ஸுக்கான மோஸா ஆர்3 போன்றவற்றில் மோட்டாரின் அச்சிலேயே ஸ்டீயரிங் உட்கார்ந்திருக்கிறது, அதைத்தான் டைரக்ட் டிரைவ் என்கிறார்கள். அது உங்கள் தொகைக்கு எட்டாது, ஆகவே அதைப் பற்றி நீட்டவில்லை.

மோட்டார் எதற்கு? நிஜக் காரில் வளைவில் திரும்பும்போது கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்பப் பார்க்கும். முன் டயர் தரையைக் கவ்வும்போது உண்டாகும் எதிர்விசை அது. டயர் தன் பிடியின் எல்லையை நெருங்கும்போது, வழுக்குவதற்குக் கொஞ்சம் முன்னதாகவே, அந்த எதிர்விசை குறையும், கை லேசாகும். ஓட்டத் தெரிந்தவருக்கு அதுதான் எச்சரிக்கை. கேம் இந்த விசையைக் கணக்கிட்டு மோட்டாருக்கு அனுப்புகிறது. பல்சக்கர வகையில் அந்த நுணுக்கத்தில் பாதி, பற்களின் கடகடப்பில் கரைந்துவிடும். பெல்ட்டில் இன்னும் தெளிவாக வரும். ஆனால் பல்சக்கர வகையைக் குறைத்துப் பேச மாட்டேன். அது உழைக்கும். முதல் வீலாக வாங்கி, பிடிக்காவிட்டால் பெரிய நஷ்டமில்லாமல் விற்கவும் முடியும். மோட்டாரே இல்லாமல் வெறும் ஸ்பிரிங் வைத்த மலிவு வீல்களும் விற்கின்றன. அவற்றை மட்டும் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். பார்க்க ஸ்டீயரிங் போல இருக்கும், டயர் என்ன செய்கிறது என்பதைச் சொல்லாது.

எல்லோரும் வீலின் பலத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஐந்து நியூட்டன் மீட்டரா, எட்டு நியூட்டன் மீட்டரா என்று. நான் பிரேக்கைப் பற்றிப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் அதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

பிளேஸ்டேஷனின் கார் பந்தய கேமான கிரான் டூரிஸ்மோ 7ஐ 2020 ஜூனில் அறிவித்தார்கள். அன்று இரவே ஆசை பிடித்துக்கொண்டது. 2021இல் வரும் என்றார்கள், பிறகு 2022க்குத் தள்ளிப்போட்டார்கள். காத்திருக்க முடியாமல் கேமுக்கு முன்பே பழைய பல்சக்கர வீல் ஒன்றை வாங்கிவிட்டேன். எங்கள் வீட்டில் தரை முழுவதும் டைல்ஸ். சாப்பாட்டு மேஜையில் வீலை இறுக்கிப் பொருத்தி, பெடலைக் கீழே வைத்து, வேகமாக வந்து பிரேக்கை மிதித்தேன். கார் நிற்கவில்லை, பெடல் பலகை வழுக்கிக்கொண்டு சுவருக்குப் போனது. காலிகோ துணி, ரப்பர் பாய், சணல் சாக்கு எல்லாம் வைத்துப் பார்த்தோம். கடைசியில் அம்மா, பின்கட்டில் சும்மா கிடந்த அம்மிக்கல்லை உருட்டி வந்து பெடலுக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். அது அசையவில்லை. ஐந்து மாதம் அந்தக் கல்லை நம்பித்தான் ஓட்டினேன்.

பெடல் வழுக்குவது நின்ற பிறகும் என் பிரேக் சரியாக வரவில்லை. ஒரு சுற்றில் முன்கூட்டியே பிடிக்கும், அடுத்த சுற்றில் டயர் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். காரணத்தைச் சொன்னவர் என் பெரியப்பா. முப்பது வருடம் அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர், வீடியோ கேமை அதற்கு முன் தொட்டதில்லை. ஒரு நாள் ஊரிலிருந்து வந்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்த விதத்திலேயே அனுபவம் தெரிந்தது. முதல் வளைவு வந்தது, பிரேக்கில் கால் வைத்தார், உடனே எடுத்துவிட்டார். "இதில் பிரேக்கே இல்லையே தம்பி. கால் எங்கே போய் நிற்கும் என்று தெரியவில்லை" என்றார்.

அவர் சொன்னதுதான் முழு விஷயமும். காரின் பிரேக் பெடல் கொஞ்ச தூரம் இறங்கியதும் கெட்டியாகிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்பதைக் கொண்டுதான் வண்டியை நிறுத்துகிறோம். கால் நினைவில் வைத்துக்கொள்வது அழுத்தத்தை. மலிவான பெடல்கள் அளப்பது தூரத்தை, அதாவது பெடல் எத்தனை டிகிரி இறங்கியது என்பதை. நான்கு மில்லிமீட்டர் கூட இறங்கியதா குறைய இறங்கியதா என்று குதிகால் ஊன்றிய பாதத்துக்குத் தெரியாது. லோட் செல் என்ற உணரி வைத்த பெடல்கள் தூரத்தை விட்டுவிட்டு அழுத்தத்தை அளக்கின்றன. பிறகு நான் டி300 வீலுக்கு மாறியபோது, அதனுடன் வந்த பெடலை ஓரமாக வைத்துவிட்டு, அதே நிறுவனத்தின் டி-எல்சிஎம் என்ற லோட் செல் பெடலைச் சேர்த்தேன். வீல் மாறியதில் கிடைத்த சந்தோஷம் ஒரு வாரம் இருந்தது. பெடல் மாறியதில் ஒவ்வொரு சுற்றும் ஒரே இடத்தில் பிரேக் பிடிக்க ஆரம்பித்தேன். கண்ணை மூடிக்கொண்டு மிதித்தாலும் கால் அதே அழுத்தத்துக்குப் போகிறது.

உங்கள் தொகையில் லோட் செல் வராது. கவலை வேண்டாம். லாஜிடெக் பிரேக்குக்குள் ஒரு ரப்பர் கட்டை இருக்கிறது. முதலில் இலகுவாக இறங்கி, பிறகு கெட்டியாகும். மிகவும் கெட்டி என்று பலர் அதைக் கழற்றி எறிகிறார்கள். கழற்றாதீர்கள். அந்தக் கெட்டித்தன்மைதான் நிஜ பிரேக்குக்குப் பக்கத்தில் வருவது. ஆனால் அதைப் பலமாக மிதிக்க வேண்டும் என்றால் பெடல் அசையக் கூடாது, நாற்காலியும் பின்னால் ஓடக் கூடாது. சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து பிரேக் மிதித்தால் நீங்கள்தான் பின்னால் போவீர்கள்.

ஆகவே என் யோசனை இதுதான். எக்ஸ்பாக்ஸ் என்றால் ஜி920, பிளேஸ்டேஷன் என்றால் ஜி29. நல்ல நிலையில் உள்ள பழையது கிடைத்தால் இன்னும் நல்லது. மிச்சப் பணத்தில் ஒரு ஸ்டாண்ட் செய்துகொள்ளுங்கள். பெயர்பெற்ற ஸ்டாண்டுகளை வாங்கத் தேவையில்லை. உங்கள் பகுதியில் கேட் செய்கிற வெல்டிங் பட்டறைக்குப் போய், சதுர இரும்புக் குழாயில் செய்யச் சொல்லுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால் உயரம், முழங்கை உயரம் இரண்டையும் அளந்து எடுத்துப்போங்கள். பெடல் பலகையைக் கொஞ்சம் சாய்வாக வைக்கச் சொல்லுங்கள், குதிகாலுக்கு ஒரு தடுப்புக் கம்பி போடச் சொல்லுங்கள். நாற்காலியின் முன்கால்கள் அந்தச் சட்டத்துக்குள் பொருந்த வேண்டும், அப்போது மிதிக்கும் விசை வெளியே போகாது. வீலுக்கும் பெடலுக்கும் அடியில் திருகுத் துளைகள் உண்டு, மேஜைப் பிடியை நம்பாமல் நேராகவே முடுக்கிவிடலாம்.

பழைய வீல் வாங்கும்போது அழகைப் பார்க்காதீர்கள். கேமின் அமைப்புப் பக்கத்தில் பெடல் மிதிப்பதைக் காட்டும் பட்டை ஒன்று இருக்கும். பிரேக்கை மிக மெதுவாக மிதியுங்கள், பட்டை சீராக ஏற வேண்டும். துள்ளினால் உள்ளே தூசி சேர்ந்திருக்கிறது என்று பொருள். நான் வாங்கிய முதல் வீலில் இந்தக் கோளாறு இருந்தது, நேர் சாலையில் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். பிரித்துத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். இன்னொன்று, மின்சாரம் போய் வந்தால் வீல் தன் எல்லைகளை அறிய இரு பக்கமும் தானாகவே சுழலும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த நேரம் அவர்கள் வீலுக்குள் கையை நுழைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். என் அக்கா மகள் முதல்முறை பார்த்துவிட்டுப் பேய் என்று ஓடினாள்.

எப்போது வாங்குவது? வீல் வியாபாரமே கேமுக்கான காத்திருப்பில்தான் நடக்கிறது. 2001இல் கிரான் டூரிஸ்மோ 3 வந்தபோது லாஜிடெக் அதே பெயரில் ஜிடி ஃபோர்ஸ் வீலைக் கொண்டுவந்தது. நான்காம் பாகத்தையொட்டி, 900 டிகிரி சுழலும் டிரைவிங் ஃபோர்ஸ் ப்ரோ பேசப்பட்டது. ஏழாம் பாகத்துக்கு ஃபனாடெக். கேம் வரும் மாதம் எல்லோரும் கடைக்கு ஓடுவார்கள். மூன்று நான்கு மாதம் கழித்துப் பாருங்கள், ஒருமுறை மாட்டிக் கழற்றிய வீல்கள் விற்பனைக்கு வரும். அவசரமில்லை என்றால் அதுவே நல்ல நேரம். அவசரம் என்றால் இப்போதே வாங்கி, ஃபோர்ஸா ஹொரைசன் 5இல் காலைப் பழக்குங்கள். முதல் வாரம் வேகமான கார்களைத் தொடாமல், பலம் குறைந்த சின்ன கார் ஒன்றை எடுத்து, ஒரே சாலையில் போய்வந்து கொண்டிருங்கள். நான் அப்படித்தான் கற்றேன். ஏழாம் பாகத்துக்கு முன்பு வந்த கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டில் சுக்குபா என்ற குட்டிப் பந்தய மைதானம், இரண்டு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அதில் ஒரு மாஸ்டா ரோட்ஸ்டர். ஏழாம் பாகம் வந்த 2022 மார்ச் 4 வரை வேறு எதையும் ஓட்டவில்லை.

என் வீல் பிளேஸ்டேஷன் வகை. ஆகவே ஹொரைசன் 6 எக்ஸ்பாக்ஸில் வந்த பிறகும் நான் காத்திருக்கத்தான் வேண்டும். அதுவரை இரவில் சாப்பாடு முடிந்ததும் சுக்குபாவில் பத்துச் சுற்று ஓடிக்கொண்டிருக்கும். கடைசி வளைவில் இன்னும் அரை நொடி மிச்சம் இருக்கிறது. உங்களிடம் எந்தக் கன்சோல் என்று சொன்னீர்களானால், ஸ்டாண்டுக்கான அளவுகளை நானே எழுதித் தருகிறேன்.