கலங்கின குட்டையில் மீன்

கேள்வி: அக்கா, தென்னாப்பிரிக்கா, டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். வயது 26. எங்கள் சபை வாலிபர்கள் 18 பேர் சேர்ந்து வெள்ள மீட்புக் குழு ஒன்றை ஆரம்பித்திருக்கிறோம். 2022 வெள்ளத்தின்போது கையைப் பிசைந்துகொண்டு நின்றது இன்னும் உறுத்துகிறது. கயிறு, டார்ச், டி-ஷர்ட் எல்லாம் வாங்கியாயிற்று. எங்கள் பாஸ்டர், “உயிரைக் காப்பாற்றினால் மட்டும் போதாது, ஆத்துமாவையும் பார்க்கணும். ஒவ்வொரு உணவுப் பையிலும் சுவிசேஷக் கைப்பிரதி இருக்கட்டும், கொடுக்குமுன் ஜெபம் நடக்கட்டும்” என்கிறார். மாரியம்மன் கோயில் கமிட்டியில் இருக்கும் என் தாய்மாமாவோ, “கலங்கின குட்டையில் மீன் பிடிக்கக் கிளம்பிட்டீங்களாடா?” என்று கேட்டுவிட்டார். மனசே சரியில்லை. யார் சொல்வது சரி?
- பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, மாமா மீனை இழுத்துவிட்டார். நானும் மீன்காரர்களிடமிருந்தே தொடங்குகிறேன். 1917 அக்டோபர் கடைசியில் உம்கேனி ஆறு கரைபுரண்டு, ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளத்தில் ‘டின் டவுன்’ என்று பேர்பெற்ற தகரக் கொட்டகைகளை வாரிக்கொண்டு போனது. அங்கே குடியிருந்தவர்கள் நம் ஆட்கள். மாரிமுத்து படவட்டானும் கூட ஐந்து பேருமாக, தங்கள் மீன்பிடிப் படகை அந்த வெள்ளத்தில் திரும்பத் திரும்ப இறக்கி 176 பேரைக் கரை சேர்த்தார்கள். படவட்டான் அறுவர் கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். (பெயரிலேயே ‘படவு’ ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்று எனக்கு ஒரு சந்தோஷம்.) டி-ஷர்ட் கிடையாது அவர்களுக்கு. வலை இழுத்துக் காய்த்த கை இருந்தது. படகு எந்த அலைக்கு எந்தப் பக்கம் சாயும் என்பது காலுக்கே தெரிந்திருந்தது.

உங்கள் 18 பேரில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? கடிதத்தில் அதைக் காணோம். கைப்பிரதியைவிட எனக்கு இதுதான் பயமாக இருக்கிறது. வேகமாக ஓடும் தண்ணீர் கணுக்காலுக்குச் சற்று மேலே வந்தாலே ஆளைத் தள்ளிவிடும். முழங்காலைத் தாண்டினால் காரையே தூக்கிவிடும். வாங்கின கயிறு என்ன கயிறு? நைலான் தண்ணீரில் முங்கிவிடும், பாலிப்ரோப்பிலீன் மிதக்கும். தத்தளிக்கிறவன் கண்ணுக்குத் தெரிந்தால்தானே பிடிப்பான்! அதை இடுப்பில் முடிந்துகொண்டு குதிக்கிற வேலையே வேண்டாம். கயிறு விறைத்தால், ஓடுகிற தண்ணீர் உன்னை அடியிலேயே அமுக்கி வைத்துக்கொள்ளும். கரையில் நின்று எறி, கம்பை நீட்டு, அதோடு நில்.

2002ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில், நகராட்சிகள் தன்னார்வலர் பிரிவு அமைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. டர்பனை நிர்வகிக்கும் எதெக்வினி நகராட்சியின் பேரிடர் மையத்துக்குப் போய், நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம், எதில் சேர்த்துக்கொள்வீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் சேறு அள்ளச் சொல்வார்கள். அள்ளுங்கள். வெள்ளம் இரண்டு நாள்தான், சேறு இரண்டு மாதம். 2022 வெள்ளத்தில் நம் பக்கத்து டோங்காட்டில் குடிநீர் நிலையம் பழுதாகி, குழாயில் தண்ணீர் வர எத்தனை மாதம் ஆயிற்று என்று உனக்கே தெரியும்.

இனி பாஸ்டர் விஷயம். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் அந்த மழை கொட்டியது. 400 பேருக்கு மேல் போனார்கள். 14ஆம் தேதி நமக்குப் புத்தாண்டு, 15ஆம் தேதி புனித வெள்ளி, இஸ்லாமியருக்கு நோன்பு மாதம். அந்த வாரம் நானும் ஒரு வரிசையில் நின்றேன். ஏதோ ஒரு சபையின் மண்டபம், பெயர் எதற்கு? உள்ளே பாட்டு, பிரசங்கம், அது முடிந்த பிறகுதான் பை. எனக்கு முன்னால் ஓர் ஆயா, எழுபதைத் தாண்டியவர். வாசல் நெருங்க நெருங்க, முந்தானை நுனியை நாக்கில் நனைத்து நெற்றித் திருநீற்றைத் துடைத்தார். அப்புறம் பொட்டை. அழி என்று யாரும் சொல்லவில்லை தம்பி; சொல்லவே தேவைப்படவில்லை. பையில் அரிசி, பருப்பு, மெழுகுவர்த்தி, கைப்பிரதி, கூடவே ஒரு டின் மாட்டிறைச்சி. வெளியே வந்து அந்த டின்னை மட்டும் எடுத்துச் சுவர் மேல் வைத்துவிட்டு நடந்தார். கைப்பிரதியைப் படித்தாரா, தெரியாது. வாசலில் படித்ததே அவருக்குப் போதுமாயிருந்திருக்கும்.

விசுவாசத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வா என்று நான் சொல்லமாட்டேன். நடு ராத்திரியில் உன்னை எழுப்பிக் கிளப்புவதே அதுதானே. ஆனால் பாஸ்டரிடம் ஒன்றைச் சொல். 1994இல் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து பேரிடர் உதவிக்கு ஒரு நடத்தை விதி எழுதின. உதவியை வைத்து மதத்தையோ அரசியலையோ வளர்க்கக்கூடாது என்பது அதில் ஒன்று. எழுதியவர்களில் கத்தோலிக்கரின் காரித்தாஸ் உண்டு, லுத்தரன் உலகச் சம்மேளனம் உண்டு, உலகத் திருச்சபைகள் மன்றமும் உண்டு. மாமா கமிட்டி எழுதியது இல்லை. நம் மாகாணத்திலேயே பார்: டாக்டர் இம்தியாஸ் சூலிமான் 1992இல் ஆரம்பித்த கிஃப்ட் ஆஃப் தி கிவர்ஸ் என்கிற நிவாரண அமைப்பு. அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடிக்க நம்மில் யாரையும் கலிமா சொல்லச் சொன்னார்களா?

அதனால் பையில் சாப்பாடு மட்டும் இருக்கட்டும், மாட்டிறைச்சி இல்லாமல். ஜெபத்தைக் கிளம்புமுன் சபையில், உங்களுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். “எனக்காக ஜெபம் பண்ணு தம்பி” என்று யாராவது அவர்களாகவே கேட்டால், கையைப் பிடித்துக்கொண்டு சுருக்கமாகப் பண்ணு; அதைத் தடுக்க நான் யார்? சபைப் பெயர் டி-ஷர்ட்டில் இருப்பதிலும் தப்பில்லை, வந்தது யார் என்று தெரியட்டும். வாங்குகிறவர் முகத்தைப் படம் பிடித்துச் சாட்சி என்று வாட்ஸ்அப்பில் போடுவது மட்டும் கூடவே கூடாது. கைப்பிரதி கொடுத்தே ஆகணும் என்றால் ஆறு மாதம் பொறுத்துப் போ. கூரை வேய்ந்து, கதவு மாட்டியிருப்பார்கள். பிடிக்காவிட்டால் உன் முகத்தில் சாத்த அவர்களுக்கும் ஒரு கதவு வேண்டுமில்லையா?

மாமாவிடம் கோபம் வேண்டாம். கரும்புத் தோட்டத்தில் நம் முன்னோருக்கு ஈஸ்டருக்குக் கிடைத்த விடுமுறையை வைத்து, அந்தச் சமயத்தில் மாரியம்மனுக்குத் திருவிழா எடுத்துப் பழகிய ஊர் நம்முடையது. இதற்கெல்லாம் உறவு முறியாது. நேராகப் போய், ஆடிக் கூழ் காய்ச்சுகிற அண்டாக்களை இரவல் கேள். முந்நூறு பேருக்குச் சமைக்க உங்கள் சபையில் பாத்திரம் ஏது? முதலில் முறைப்பார், அப்புறம் கரண்டியையும் தூக்கிக்கொண்டு அவரே வருவார். திருப்பிக் கொடுக்கும்போது அடிப்பிடித்த கரி போகத் தேய்த்துக் கொடு. கமிட்டிக்காரர்கள் அதைத்தான் முதலில் கவிழ்த்துப் பார்ப்பார்கள்.